காசு கொடுத்துப் பெறும் புகழ்

சிங்காரப்பேட்டையில் செக்கெண்ணெய் விற்பவருக்கோ, கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தயாரிப்பவருக்கோ, "தொழிலில் சாதனை புரிந்தவரென்று தங்களைத் தொலைக்காட்சியில் பேட்டி காண்கிறோம், கட்டணம் இவ்வளவு" என்று ஓர் அழைப்பு வருமாயின், அவர் செய்யத்தக்கது யாது?

விளம்பரம் செய்தல் குற்றமென்று நாம் கூறவில்லை. சரக்கை அறிவிக்காமல் வியாபாரம் நடவாது. ஆனால் விளம்பரம் வேறு, பேட்டி வேறு. விளம்பரத்தில் வியாபாரி தம் சரக்கைத் தாமே புகழ்கிறார் என்பதை ஜனங்கள் அறிவார்கள். பேட்டியிலோ, நடுநிலை வகிக்கும் ஒருவர் அவரது யோக்கியதையைக் கண்டு அழைத்ததாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே அங்கு விலைபோகிறது.

நிகழ்ச்சியினின்றும் விளம்பரம் தெளிவாகப் பிரித்தறியத்தக்கதாயிருத்தல் வேண்டுமென்பது 1994-ஆம் வருஷத்துக் கேபிள் தொலைக்காட்சி விதி. பணமாகவோ பொருளாகவோ விலை பெற்று வெளியிடுவது காசுச் செய்தியே என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2010-ல் வரையறுத்தது. பத்திரிகை உலகமும் இந்நோய்க்குப் புறம்பன்று என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறோம்.

சிறு முதலுடையார்க்கு அக்கட்டணம் ஒரு மாதத்து எள்ளின் விலையாயிருக்கலாம். கொடுத்தே தீருவோமென்பவர், எந்நேரத்தில், எத்தனை நிமிஷம் ஒளிபரப்பாகும் என்பதை எழுத்து மூலம் பெறட்டும். திரையில் 'விளம்பரம்' என்னும் சொல் தோன்றவேண்டுமென்றும் கேட்கட்டும். அச்சொல்லைக் காட்ட மறுப்பவருக்கு ஒரு காசும் கொடுத்தல் கூடாது என்பதே நமது அபிப்பிராயம். நல்லெண்ணெய் வாங்கிச் சென்ற அம்மாள் அண்டை வீட்டில் சொல்லும் ஒரு வார்த்தைக்குக் கட்டணமில்லை. அதற்கு ஈடான பேட்டியும் இல்லை.