ஆறு சீல்கள் கவிழ்த்த கார்

1970களில் ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் ஒரு விநோதமான வணக்கம் வழக்கத்தில் இருந்தது என்பார்கள். எதிரெதிரே வரும் இரண்டு ரோ 80 கார்களின் ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் விரல்களை உயர்த்திக் காட்டுவார்கள். எத்தனை விரலோ, அதுவரை அத்தனை என்ஜின் மாற்றியாகிவிட்டது என்று அர்த்தம். வேடிக்கைதான். ஆனால் இந்த வேடிக்கைக்குப் பின்னால் இருந்த பிரச்னை ஒரு கம்பெனியின் சுதந்திரத்தையே விழுங்கிவிட்டது.

நெக்கர்சுல்ம் நகரத்து என்.எஸ்.யு. கம்பெனி பின்னல் இயந்திரங்களில் தொடங்கி, சைக்கிள், மோட்டார் சைக்கிள் என்று வளர்ந்தது. 1967 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அது ரோ 80 காரை அறிமுகப்படுத்தியபோது பார்த்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். கிளாஸ் லூத்தே வடிவமைத்த அந்த உடலமைப்பு, தாழ்ந்த முகமும் உயர்ந்த வாலுமாக, 1980களின் கார்களை முன்கூட்டியே காட்டியது. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். கிளட்ச் பெடலே கிடையாது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டமும் வந்து சேர்ந்தது. பானெட்டுக்குள் இருந்ததோ பிஸ்டனே இல்லாத என்ஜின்.

அதை உருவாக்கியவர் ஃபெலிக்ஸ் வாங்கெல். அவரது முதல் சோதனை என்ஜின் 1957 பிப்ரவரியில் என்.எஸ்.யு.வில் ஓடியது. சாதாரண என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். ஒவ்வொரு முறையும் நின்று திரும்பும். வாங்கெல் என்ஜினில், நடுவில் லேசாக இடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள் பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோண ரோட்டார் சுழல்கிறது. அதன் மூன்று முகங்களும் மாறி மாறி பெட்ரோல் கலவையை இழுத்து, அமுக்கி, எரித்து, புகையை வெளியே தள்ளுகின்றன. ரோட்டார் ஒரு சுற்று முடிப்பதற்குள் ஷாப்ட் மூன்று முறை சுற்றிவிடும். வால்வு இல்லை, கேம் ஷாப்ட் இல்லை, கனெக்டிங் ராடு இல்லை. ரோ 80ல் இரண்டு ரோட்டார்கள். ஆக, நகரும் முக்கிய பாகங்கள் மூன்றே மூன்று. ஒரு லிட்டருக்குச் சற்றே குறைந்த கொள்ளளவில் 115 குதிரைசக்தி. வேகம் மணிக்கு 180 கி.மீ.

கோளாறு முக்கோணத்தின் மூலைகளில் இருந்தது. பிஸ்டனுக்கு ரிங் எப்படியோ, அப்படி ரோட்டாரின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு மெல்லிய உலோகப் பட்டை, அதாவது சீல், கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓட வேண்டும். ஒரு அறையின் வாயு அடுத்த அறைக்குக் கசியாமல் காப்பது இதுதான். ஆரம்பகால ரோ 80ல் இந்த சீல் மூன்று துண்டுகளால் ஆனது. மூன்றும் ஒரே உலோகம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் நடுத்துண்டு மட்டும் வேகமாகத் தேய்ந்தது. அது தேய்ந்ததும் மற்ற இரண்டும் தளர்ந்தன. வாயு கசிந்தது, சக்தி போனது. பல கார்கள் 50,000 கி.மீ. தாண்டுவதற்குள் புது என்ஜின் கேட்டன. சில 25,000 கி.மீ.லேயே கேட்டன.

கம்பெனி பெருந்தன்மையாக நடந்துகொண்டது. வாரண்டியில் என்ஜின்களை மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. தவறு அங்கேயும் இருந்தது. இந்த என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாத மெக்கானிக்குகள், பிளக் அல்லது கார்புரேட்டர் கோளாறுக்கெல்லாம் என்ஜினையே கழற்றித் திருப்பி அனுப்பினார்கள். நடுத்துண்டுக்கு வேறு உலோகக் கலவையைப் பயன்படுத்தி 1970 வாக்கில் பிரச்னை ஏறக்குறைய தீர்க்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, 1969ல், என்.எஸ்.யு. ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போய் ஆடியுடன் இணைக்கப்பட்டுவிட்டது. 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 100 கி.மீ.க்கு 15 லிட்டருக்கு மேல் குடிக்கும் காரை யார் வாங்குவார்கள்? 1975ல் ஆலையையே மூடும் பேச்சு எழுந்தபோது நெக்கர்சுல்ம் தொழிலாளர்கள் ஹைல்பிரான் நகருக்கு ஊர்வலம் போனார்கள். ஆலை பிழைத்தது; இன்றும் அங்கே ஆடி கார்கள் தயாராகின்றன. ரோ 80 மட்டும் 1977ல் நின்றுபோனது. மொத்தம் செய்யப்பட்டவை சுமார் 37,000.

இவற்றில் மிஞ்சியவற்றை இன்று ஓட்டுபவர்கள், அன்றைய மெக்கானிக்குகள் கற்கத் தவறிய பாடத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். முதல் பாடம், காரை ஷெட்டிலிருந்து வாசலுக்கு நகர்த்துவதற்காக மட்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. சூடேறுவதற்குள் அணைத்தால் எரியாத பெட்ரோல் உள்ளே தேங்கி, பிளக்கை நனைத்து, சீல் மீதுள்ள எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடும். அடுத்த முறை என்ஜின் கிளம்பாது. பிளக்குகளைக் கழற்றி, என்ஜினைச் சுற்றவிட்டு பெட்ரோலை வெளியேற்ற வேண்டியதுதான். ஊருக்குள் ஊர்ந்துகொண்டே இருந்தாலும் ஆகாது, கரி படியும். நன்கு சூடான பிறகு நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டினால்தான் இந்த என்ஜினுக்கு ஆரோக்கியம். ஆனால் விரட்டுவதிலும் வம்பு உண்டு. அதிர்வே இல்லாமல் சுழல்வதால் எல்லை மீறுவது ஓட்டுபவருக்குத் தெரியாது. எச்சரிக்கை ஒலியைப் பின்னாளில் சேர்த்தது இதனால்தான்.

எண்ணெய் விஷயம் இன்னும் விநோதம். சீல்களுக்கு வழுவழுப்பு வேண்டும் என்பதற்காக ஒரு சிறிய பம்ப் என்ஜின் எண்ணெயை அளவாக எடுத்து எரிபொருளோடு அனுப்புகிறது. எனவே எண்ணெய் குறைவதைக் கண்டு பதறத் தேவையில்லை. குறையவே இல்லையென்றால்தான் பதற வேண்டும்.

என்ஜின் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று கண்டறிவதுகூட எளிதல்ல. சாதாரண கம்ப்ரஷன் கேஜ் ஒரு ரோட்டாரின் மூன்று அறைகளில் அதிக அழுத்தம் உள்ளதை மட்டுமே காட்டும். ஒரு மூலை சீல் போயிருந்தாலும் எல்லாம் சரி என்று பொய் சொல்லும். மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்யும் கருவி வேண்டும். பல வருடம் சும்மா நின்ற காரில் சீல்கள் கரியில் ஒட்டி, பள்ளத்திலேயே சிக்கிக்கொண்டிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் உடனே ஸ்பானரைத் தூக்குவதில்லை. பிளக் துவாரம் வழியாக எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கிறார்கள். சில சமயம் செத்ததாக நினைத்த என்ஜின் எழுந்து உட்காருகிறது.

எழாவிட்டால் பிரிக்க வேண்டும். பிரிப்பது சுலபம், பாகங்கள்தான் குறைவாயிற்றே. அம்பாசடர் என்ஜினை ரீபோர் செய்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டு ஓட்டிய நம்மூர் மெக்கானிக்குகள் திகைப்பது அடுத்த கட்டத்தில். வாங்கெல் கூட்டை ரீபோர் செய்ய முடியாது. அதன் வளைவு வட்டமல்ல. சுவரின்மேல் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த கடினமான பூச்சு. அதில் கோடு விழுந்தால் புதிதாகப் பூசி, அதே வளைவில் துல்லியமாகத் தேய்க்க வேண்டும், அல்லது நல்ல பழைய கூடு கிடைக்க வேண்டும். இரண்டுக்கும் பணமும் பொறுமையும் தேவை. உரிமையாளர் சங்கங்கள் உதிரிபாகங்களைத் தேடிச் சேமிப்பது இதற்காகத்தான்.

என்ஜினைக் குறை சொல்லியே பழகிவிட்டதால் மற்றவை மறந்துபோகின்றன. கியர் குமிழைத் தொட்டாலே ஒரு சிறிய மின் சுவிட்ச் இயங்கி, வெற்றிட விசையால் கிளட்ச் விடுபடும். வெற்றிடக் குழாயில் சிறு விரிசல் விழுந்தாலும் கியர் கரகரக்கும். குமிழ் மேல் கையை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் கிளட்சைத் தாங்களே தேய்க்கிறார்கள். முன் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லாமல் கியர் பாக்ஸை ஒட்டி இருப்பதால், பேட் மாற்றக்கூட என்ஜின் பக்கம் கையை நுழைக்க வேண்டும். துரு வேறு.

பொறுமை இழந்தவர்கள் வேறு வழி பார்த்தார்கள். பிரிட்டனில் பலர் வாங்கெலைத் தூக்கிவிட்டு ஃபோர்டின் வி4 பிஸ்டன் என்ஜினைப் பொருத்தினார்கள். இடத்தில் பொருந்தியது, ஆனால் பட்டு வேட்டிக்கு சாக்கு ஒட்டுப் போட்டதுபோல கரடுமுரடாக ஓடியது. சிட்ரோயன் இன்னும் மேலே போனது. 1973ல் தொடங்கி விற்ற தன் ரோட்டரி கார்கள் 800 சொச்சத்தையும் திரும்ப வாங்கி நொறுக்க முனைந்தது. காலமெல்லாம் உதிரிபாகம் கொடுக்கும் பொறுப்பை அது விரும்பவில்லை. விற்க மறுத்தவர்களிடம் மட்டுமே சில தப்பின.

இன்னொரு வழி ஜப்பானிலிருந்து வந்தது. 1961ல் என்.எஸ்.யு.விடம் உரிமம் வாங்கிய மாஸ்டாவும் இதே சீல் பிரச்னையில் தவித்தது. கூட்டின் சுவரில் விழுந்த கீறல்களை அதன் பொறியாளர்கள் ‘சாத்தானின் நகக்கீறல்’ என்று அழைத்தார்கள். ஆனால் கென்இச்சி யமமோட்டோவின் குழு விடாமல் போராடி வென்றது. 1991ல் மாஸ்டாவின் ரோட்டரி கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்திலும் ஜெயித்தது. உறுதியான அந்த என்ஜின்கள் இன்று சில ரோ 80களில் ஓடுகின்றன. தந்தையின் வீட்டைப் பிள்ளை வந்து காப்பாற்றிய கதை.

சுத்த மரபினருக்கு இதிலும் உடன்பாடில்லை. நெக்கர்சுல்மில் பிறந்த என்ஜின்தான் வேண்டும் என்கிறார்கள். வி4 பொருத்திய கார்களை வாங்கி, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அசல் வாங்கெலை மறுபடி ஏற்றியவர்களும் உண்டு.