வட்ட வட்டமாக அரிக்கிறதா? அந்த ட்யூபைக் கீழே வையுங்கள்!

சேலையூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். முழங்கை மடிப்பிலும் அதற்குக் கீழேயும் வட்ட வட்டமாகத் தடிப்பு.

''நாலு மாசமா அரிப்பு டாக்டர். மெடிக்கல் ஷாப்ல ஒரு ட்யூப் குடுத்தாங்க. போட்டா ரெண்டே நாள்ல அடங்குது, விட்டா திரும்பி வருது. இப்ப பையனுக்கும் வந்துடுச்சு!''

ட்யூபை வாங்கிப் படித்தேன். பூஞ்சை மருந்தோடு 'குளோபெடசால்' என்கிற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. நினைத்தது சரிதான்!

அவருக்கு வந்திருந்தது படர்தாமரை. பூஞ்சைக் காளானால் வருவது. ஓரம் தடித்துச் சிவந்து, நடுவே தெளிந்து, நாளாக ஆக வட்டம் விரியும். ஸ்டீராய்டு பூசினால் தோலின் எதிர்ப்பு சக்தி அடங்கிவிடும். சிவப்பு மறையும், அரிப்பு நிற்கும். பூஞ்சை மட்டும் சாகாது! காவல்காரனைத் தூங்க வைத்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே? தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, வரிவரியாகத் தழும்பு விழும். அதனால்தான் இந்த மாதிரி பூச்சுகளை டாக்டர் சீட்டோடுதான் விற்கவேண்டும் என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது.

''சித்த வைத்தியத்தில் மருந்து இல்லையா?'' என்பீர்கள். உண்டு. வண்டுகொல்லி என்கிற சீமை அகத்தி இலைக்குப் பூஞ்சையை எதிர்க்கும் குணம் இருக்கிறது. ஒன்றிரண்டு சிறு வட்டங்கள்தான் என்றால், சித்த மருத்துவரிடம் காட்டி அந்தக் களிம்பைப் பூசலாம். தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆனால், இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசாதீர்கள். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். உடம்பெங்கும் பரவியிருந்தாலோ, ஏற்கெனவே ஸ்டீராய்டு பூசியிருந்தாலோ, நானே தோல் டாக்டரிடம்தான் அனுப்புவேன்.

வீட்டில் செய்யவேண்டியவை:

* ஆளுக்கொரு துண்டு, சோப்பு. யாருக்கெல்லாம் அரிப்போ, எல்லோரும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்க்கவேண்டும்.

* ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் துணி காய்வதே பெரும்பாடு. ஈரத்தோடு உடுத்தாமல், உள்பக்கமாக இஸ்திரி போட்டு உடுத்துங்கள்.

* மின்சார ரயிலில் வியர்த்து விறுவிறுத்து வந்தால் உடனே குளித்து, கை மடிப்புகளை ஈரமில்லாமல் துடையுங்கள்.

* அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை பூசுங்கள்.

அந்த அம்மாவையும் தோல் டாக்டரிடம் அனுப்பினேன். ட்யூபை நிறுத்திய முதல் வாரம் அரிப்பு கூடிப்போய் போன் செய்தார். ''பயந்துபோய் மறுபடி அதையே பூசிடாதீங்கம்மா. டாக்டர்கிட்ட காட்டுங்க'' என்றேன். கை தெளிய மூன்று மாதம் ஆயிற்று. பையனுக்குச் சீக்கிரமே குணமாகிவிட்டது. அவன் அந்த ட்யூபைத் தொடவே இல்லையே! அம்மாவின் முழங்கை மடிப்பில் விழுந்த வரித் தழும்பு மட்டும் இன்னும் இருக்கிறது.

இனி, ''அரிப்புக்கு ஏதாவது குடுங்க'' என்று கடையில் கேட்குமுன், அந்தத் தழும்பை நினைத்துக்கொள்ளுங்கள்.