தம் வாயாற் சொன்னோர்

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைப்பது ஒரு நெடுந் தாம்போதி. தீவினுள் ஊர்கள் நெருங்கியவை. உறவுகள் அவற்றினும் நெருங்கியவை. காலையிற் பேசாலைக் கரையிற் பிறந்த செய்தி பிற்பகலுக்குள் பள்ளிமுனைப் பெருக்கமரத்தடியை எட்டிவிடும். இத்தகைய சூழலில், தம் குருதியில் எச்.ஐ.வி. கிருமி உண்டென அறிந்த இளையவர் ஒருவர் அதனைத் தம் வாயாற் சொல்ல முன்வருவாரா? முன்வருவாராயின், யாது கருதி?

நோயைச் சொல்லுதலும் பாவசங்கீர்த்தனமும் ஒன்றெனக் கருதும் மயக்கம் நம்மிடையே உண்டு. மடு மாதாவின் பக்தர் நிறைந்த இக்கரையில் அம்மயக்கம் எழுதல் வியப்பன்று. ஆயின், பாவசங்கீர்த்தனம் செய்பவர் மன்னிப்பை நாடுகின்றார். நோயைச் சொல்பவர் எவரிடத்தும் மன்னிப்பு வேண்டி நிற்கவில்லை. தம்மைப் பற்றிய செய்தியை ஊர்வாயில் விடாது தாமே கையில் எடுத்துக்கொள்கின்றார். இவ்வேறுபாடு தெளிந்தாலன்றி இளையோர் மனத்தை நாம் அறிதல் அரிது.

கடலுக்கப்பால், நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யாவை நோக்குவோம். 1995ஆம் ஆண்டில், இருபது வயதளவில், லொறித் தொழில் செய்த உறவினர் ஒருவருக்கு அவர் மணமுடித்து வைக்கப்பட்டார். மாப்பிள்ளைக்கு இந்நோய் இருந்தமை மணப்பெண்ணுக்குச் சொல்லப்படவில்லை. மணமாகிச் சிறிது காலத்திலேயே தமக்கும் அது தொற்றியதை அவர் அறிந்தார். வாய் மூடியிருத்தலே குடும்ப மானம் எனப்பட்ட காலம் அது. அவரோ பெயரையும் முகத்தையும் மறையாமற் பேசினார். இந்தியாவில் அவ்வாறு பேசிய முதற் பெண்களுள் ஒருவரானார். 1998இல் தம்மையொத்த பெண்களைச் சேர்த்துச் சென்னையில் ஒரு சங்கமும் கண்டார். அவர் துணிவைப் புகழ்ந்துவிட்டு நகர்தல் எளிது. ஆனால் அவரை வீழ்த்த முயன்றது எது? பிறருடைய மௌனமன்றோ! தமக்கு மறைக்கப்பட்டதைப் பிறருக்குத் தாம் மறைக்க அவர் உடன்படவில்லை.

மணக்கப்போகும் ஒருவரை அறியாமையில் விடலாகாது என்னும் இவ்வெண்ணமே இளையோர் பலரை வாய் திறக்கச் செய்கின்றது. முன்னாளில் அவ்வாறு சொல்லுதல் இருவர் வாழ்வையும் முடித்துவைப்பதாகத் தோன்றிற்று. இன்று நிலைமை வேறு. நாள்தோறும் மருந்துண்டு, குருதியிற் கிருமியின் அளவு பரிசோதனைக்கு எட்டாத நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவினால் நோய் தொற்றுவதில்லை. 2016இலும் 2019இலும் வெளியான ஐரோப்பிய ஆய்வுகள் இதனை உறுதிசெய்தன. ஆகவே, இன்று சொல்பவர் தம் நோயோடு இந்நற்செய்தியையும் சேர்த்தே சொல்லலாம்.

இன்னுமொரு காரணம் உண்டு. வாழ்நாள் முழுதும் உண்ணவேண்டிய மாத்திரையைப் பலர் கூடி வாழும் சிறு வீட்டில், தாயும் அறியாமல், எத்தனை நாள் ஒளித்து உண்ண முடியும்? ஒருவரிடம் சொல்லிவிட்டால், "மருந்து குடிச்சியா?" என்று கேட்க ஒரு குரல் கிடைக்கின்றது. அற்பக் காரணம் எனச் சிலர் நினைப்பர். எனக்கு இதுவே பெரிதெனப் படுகின்றது.

இலங்கையில் முதன்முதலாகத் தம் நிலையைப் பகிரங்கமாக அறிவித்தவர் குழந்தை வைத்தியர் கமலிகா அபேரத்ன. 1995இல் விபத்தொன்றின் பின் ஏற்றப்பட்ட குருதியால் தொற்றுக்கு ஆளானவர், 2004இல் மறைந்தார். இளையவரல்லர், எனினும் பின்வந்த இளையோருக்கு வழி திறந்தவர். எல்லா நாட்டிலும் அவ்வழி இத்துணை எளிதாக அமையவில்லை. தென்னாபிரிக்காவில் குகு டிலாமினி என்னும் பெண், 1998இல் உலக எயிட்ஸ் தினத்தையொட்டித் தம் நிலையை வெளியிட்டார். சில நாட்களுள் அயலவரால் அடித்துக் கொல்லப்பட்டார். ஆதலின், 'அனைவரும் சொல்லுக' என மேடையேறி வற்புறுத்தும் உரிமை நமக்கில்லை. நீதிமன்ற ஆணை போன்றவை தவிர, ஒருவர் இசைவின்றி இந்நிலையை வெளியிடுமாறு அவரைக் கட்டாயப்படுத்தலாகாதென இந்தியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது.

சொல்ல வேண்டியவர் சொல்லாதபோதும் ஊர் சொல்லும். பொய்யாயினும் சொல்லும். 2016இல் குளியாப்பிட்டிப் பகுதியில் ஒரு சிறுவனுக்கு நேர்ந்ததை ஆசிரியர்கள் நினைவுகூர்வர். தந்தை எயிட்ஸ் நோயால் இறந்தாரென்ற வதந்தி ஒன்றினால், அவனைச் சேர்த்துக்கொள்ளப் பாடசாலைகள் மறுத்தன. பெற்றோர் தம் பிள்ளைகளை வகுப்பிலிருந்து அழைத்துச் சென்றனர். குருதிப் பரிசோதனையில் அவனுக்குத் தொற்றே இல்லையெனத் தெரிந்திருந்தது. அவ்வாண்டிலேயே கண்டி திரித்துவக் கல்லூரி அவனுக்கு இடமளித்தது.