பிளேவனாய்டுகளுக்கு ஏற்ற கரைப்பான் எது?

வெங்காயத்தை உரிக்கும்போது நாம் எறிந்துவிடும் காய்ந்த மேல்தோலில் குவெர்செட்டின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் மிகுந்துள்ளது. பூ, இலை, கனி, பட்டை ஆகியவற்றில் பரவலாகக் காணப்படும் பிளேவனாய்டுகள் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது இது. குளித்தலையில் 1900-ஆம் ஆண்டில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, வால்ட்டேரிலும் டில்லியிலும் இக்குடும்பத்தை விரிவாக ஆராய்ந்து புகழ் பெற்றார். இத்தகைய ஆய்வின் முதற்படி, தகுந்த கரைப்பானைத் தேர்ந்தெடுப்பதே. அதில் பிழை நேர்ந்தால், செடியில் உள்ள பொருள் இல்லையென்றே முடிவு செய்யப்பட்டுவிடும்.

அமைப்பும் கரைதிறனும்

ஒத்த தன்மையுடையவை ஒன்றில் ஒன்று கரையும் என்பது பொதுவிதி. குவெர்செட்டினில் 15 கார்பன் அணுக்களாலான வளையச் சட்டமும் ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகளும் உள்ளன. சட்டம் நீரை விரும்புவதில்லை. ஹைட்ராக்சில் தொகுதிகளோ ஹெக்சேனை விரும்புவதில்லை. ஆகவே இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எத்தனால், அசெட்டோன், எத்தில் அசெட்டேட் ஆகியவையே இதற்கு ஏற்றவை.

குவெர்செட்டினுடன் இரு சர்க்கரைகள் இணைந்தது ரூட்டின். சர்க்கரை சேர்ந்ததால் மட்டும் அது குளிர்ந்த நீரில் எளிதில் கரைந்துவிடுவதில்லை. ஒரு கிராம் ரூட்டினைக் கரைக்கக் குளிர்ந்த நீர் ஏறத்தாழ 8 லிட்டரும், கொதிநீர் 200 மில்லிலிட்டரும், கொதிக்கும் மெத்தனால் 7 மில்லிலிட்டரும் தேவை. கரைப்பானோடு வெப்பநிலையையும் கருத வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

செய்முறையும் பாதுகாப்பும்

வெங்காயத் தோலின் தூளை முதலில் 70 விழுக்காடு எத்தனாலில் ஊறவைக்கலாம். அதிலுள்ள நீர் திசுக்களை உப்பச் செய்ய, எத்தனால் உட்புகுந்து நிறப்பொருளைக் கரைக்கிறது. வடிகட்டிய சாற்றிலிருந்து எத்தனாலைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, எஞ்சிய நீர்மத்தை எத்தில் அசெட்டேட்டுடன் குலுக்கினால், குவெர்செட்டின் மேலடுக்கிற்குச் செல்லும். சர்க்கரை மிகுந்தவை பெரும்பாலும் நீரிலேயே தங்கும்.

டைமெத்தில் சல்பாக்சைடு பெரும்பாலான பிளேவனாய்டுகளை நன்கு கரைக்கும். எனினும் அதன் கொதிநிலை 189 பாகை செல்சியசாதலால் அதை நீக்குதல் கடினம். உயிரணுச் சோதனைகளில் அதுவே விளைவுகளை உண்டாக்கக்கூடும். எனவே மருந்தின்றி அதே அளவு கரைப்பான் மட்டும் சேர்த்த ஒப்பீட்டுச் சோதனை இன்றியமையாதது.

மெத்தனால் உடலுக்குள் சென்றால் பார்வையைப் பறிக்கும். பென்சீன் புற்றுநோயை விளைவிக்கும். எத்தனாலுக்கு ஆயத்தீர்வை அனுமதி தேவைப்படுகிறது என்பதற்காக மெத்தனாலையே வழக்கமாக்கிக்கொள்வது முறையன்று. அவ்வனுமதி உரிய காலத்தில் கிடைக்கச் செய்வது நிர்வாகத்தின் கடமை. எல்லாக் கரைப்பான்களையும் திறந்த தழலிலன்றி நீர்த்தொட்டியில் சூடாக்குவதே பாதுகாப்பானது.

எல்லாவற்றிற்கும் பொருந்தும் கரைப்பான் ஒன்றில்லை. பொருளின் அமைப்பு, ஆய்வின் நோக்கம், பணியாற்றுவோரின் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் சீர்தூக்கித் தெரிவு செய்து, கரைப்பானின் பெயர், விகிதம், வெப்பநிலை ஆகியவற்றை அறிக்கையில் தவறாது குறிப்பிட வேண்டும். அப்போதுதான் ஓர் ஆய்வகம் கண்டதை மற்றோர் ஆய்வகம் சரிபார்க்க இயலும்.