பாலம் இங்கே, ரயில்பாதை அங்கே: 'குவாய் நதிப் பாலம்' படமெடுத்த கித்துல்கல போகும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாசரேத் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வீட்டின் முன்னறையில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. பின்னால் ஆறு, பச்சைப் பசேல் என்று காடு, நடுவில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர். "இது எந்த ஊரு சார்?" என்று கேட்டால் சிரிக்கிறார். "ஏழு ஆஸ்கர் வாங்குன ஊரு தம்பி. அங்க போயி பாத்தா ஒண்ணுமே கிடையாது" என்கிறார்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போட்டோவில் இருப்பது இலங்கையின் கித்துல்கல. டேவிட் லீன் இயக்கி 1957-ல் வெளியான 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்காகப் பாலம் கட்டி, அதை வெடி வைத்துத் தகர்த்த இடம்.

பழைய படங்கள் எடுத்த இடங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது உலகம் முழுக்க இருக்கும் ஒரு பழக்கம். ஆனால் இவர் போனதற்குக் காரணம் சினிமா ஆசை மட்டும் இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம். முதலில் அந்த இடத்தைப் பற்றி.

கித்துல்கல எங்கே இருக்கிறது?

கொழும்பிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அவிசாவளையில் இருந்து ஹட்டன் போகும் மலைப்பாதையில், களனி ஆற்றின் கரையில் இருக்கும் சின்ன ஊர். கேகாலை மாவட்டத்தில் வருகிறது. இன்றைக்கு அந்த ஊர் பெயரைச் சொன்னால் இலங்கை இளைஞர்களுக்கு ரப்பர் படகில் ஆற்றுச் சுழலில் போகும் 'ராஃப்டிங்'தான் ஞாபகம் வரும். கொழும்பில் இருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ்கள் இந்த வழியாகப் போகின்றன. நடத்துநரிடம் சொன்னால் இறக்கிவிடுவார்.

கதை தாய்லாந்தில், படம் ஏன் இலங்கையில்?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்து ரயில்பாதை போட்டது. அதைப் பின்னணியாக வைத்து பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952-ல் ஒரு நாவல் எழுதினார். அதுதான் படமானது. தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல்.

உண்மையான பாலம் இருக்கும் தாய்லாந்தின் காஞ்சனபுரி சமவெளி. படத்துக்குத் தேவைப்பட்டது இரண்டு பக்கமும் மலையும் காடும் நெருக்கும் ஆறு. அது கித்துல்கலயில் கிடைத்தது. மரத்தாலேயே சுமார் 425 அடி நீளத்துக்குப் பாலம் கட்டினார்கள். மரம் இழுக்க யானைகள் வந்தன. சுற்றுவட்டார மக்களுக்கு மாதக்கணக்கில் வேலை கிடைத்தது.

பாலத்தை வெடிக்க வைத்ததே தனிக் கதை. 1957 மார்ச் 10-ம் தேதி, அன்றைய பிரதமர் பண்டாரநாயக்க உட்படப் பெரிய மனிதர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கேமராக்காரர்கள் ஒவ்வொருவரும் பத்திரமான இடத்துக்குப் போய்விட்டோம் என்று சிக்னல் கொடுக்க வேண்டும். ஒருவரிடம் இருந்து சிக்னல் வரவில்லை. வெடிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். ரயில் மட்டும் பாலத்தைத் தாண்டி ஓடி, அந்தப் பக்கம் இருந்த ஜெனரேட்டரில் போய் மோதியது. அதைத் தூக்கி மறுபடி தண்டவாளத்தில் நிறுத்தி, மறுநாள் காலைதான் வெடித்தார்கள். திரையில் நாம் பார்ப்பது அந்த மறுநாள் காட்சி.

இப்போது போனால் என்ன தெரியும்?

பாலம் கிடையாது. அதான் வெடிச்சாச்சே! மெயின் ரோட்டில் இருந்து பிரியும் ஒரு பாதையில் நடந்து ஆற்றங்கரைக்கு இறங்க வேண்டும். பாலத்தைத் தாங்கிய கான்கிரீட் அடித்தளங்களின் மிச்சம் கரையில் தெரியும். அவ்வளவுதான். ஆனால் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால், எதிர்க்கரை மலையின் வளைவைப் பார்த்ததுமே 'இதுதான் அது' என்று பிடிபட்டுவிடும்.

இதே படத்தின் மற்ற இரண்டு இடங்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. கொழும்புக்குத் தெற்கே இருக்கும் மவுண்ட் லவீனியா ஹோட்டல்தான் படத்தில் ராணுவ மருத்துவமனை. கண்டிக்குப் பக்கத்தில் பேராதனை தாவரவியல் பூங்காவிலும் காட்சிகள் எடுத்தார்கள். போர்க் காலத்தில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் நிஜமாகவே பேராதனையில்தான் இயங்கியது.

நாசரேத்தில் இருந்து எப்படிப் போவது?

ஒரு காலத்தில் இது நமக்குப் பக்கத்து ஊர். 1914-ல் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறக்கும் வரை, சென்னையில் இருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்துதான் கப்பல் ஏறினார்கள். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தத் தூத்துக்குடி - கொழும்பு வழியில் ஓட்டத்தான். 2011 ஜூனில் மறுபடி ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள். சில மாதங்களிலேயே நின்றுபோனது.

இப்போது நம் பக்கத்தில் இருந்து போக வசதியானது விமானம்தான். நாசரேத்தில் ரயில் ஏறி திருநெல்வேலி, அங்கிருந்து மதுரை, மதுரையில் இருந்து நேராக கொழும்பு. திருச்சியில் இருந்தும் போகலாம். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. ஆனால் அது யாழ்ப்பாணம் பக்கம் கொண்டுபோய் விடும். கித்துல்கல அங்கிருந்து ரொம்பத் தூரம். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும்முன் இலங்கை அரசின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போகலாம்? மே முதல் செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஆறு பெருகி ஓடும். ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது.

இங்கிலாந்திலும் இப்படி இடங்கள் உண்டா?

நிறைய உண்டு. இதே டேவிட் லீன் எடுத்த 'ப்ரீஃப் என்கவுண்டர்' படத்தின் ரயில் நிலையக் காட்சிகளை 1945 பிப்ரவரியில் கார்ன்ஃபோர்த் நிலையத்தில் படமாக்கினார்கள். போர் இன்னும் முடியாத நேரம். படப்பிடிப்புக்கு இரவில் பெரிய விளக்குகள் போட வேண்டும். குண்டுவீச்சு விமானம் வந்தால் விளக்கை அணைக்க அவகாசம் வேண்டும் என்பதால்தான் வடக்கே தள்ளியிருந்த அந்த நிலையத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று அங்கே படத்தில் வந்த தேநீர் அறையை மறுபடி அமைத்து, அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். நிலையத்துக் கடிகாரத்துக்குக் கீழே நின்று போட்டோ எடுக்கவே ஆட்கள் வருகிறார்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு லீனின் கடைசிப் படமான 'எ பாசேஜ் டு இந்தியா' (1984) இருக்கிறது. அதன் குகைக் காட்சிகளை பெங்களூருக்குப் பக்கத்தில் சாவன்துர்கா, ராமநகரம் பாறைகளில் எடுத்தார்கள். மலை ரயில் காட்சிகளில் வருவது நம் நீலகிரி ரயில். மேட்டுப்பாளையத்தில் ஏறினால் போதும்.

படம் சொல்லாத கதை என்ன?

இனி ஆசிரியரின் கதைக்கு வருவோம்.

"எங்க பெரியப்பா, அப்பாவுக்கு மூத்தவரு, இருபது வயசுல மலாயாவுக்குப் போயிட்டாரு. ரப்பர் எஸ்டேட்டுல வேலை. கிறிஸ்மஸுக்கு கடுதாசி வரும், பணமும் வரும். சப்பான்காரன் வந்த பொறவு ஒண்ணும் வரல. சண்டை முடிஞ்ச பொறவு அதே எஸ்டேட்டுல இருந்து திரும்பி வந்த ஒருத்தர், 'அவரை சயாமுக்கு ரயில் போட கூட்டிட்டுப் போனாங்க'ன்னு மட்டும் சொன்னாராம். அதோட முடிஞ்சு போச்சு. எங்க ஆச்சி சாகுற வரைக்கும் வாசல்லதான் உக்காந்திருப்பா."

கல்லூரியில் படிக்கும்போது இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். "பாலம், தண்டவாளம், காடு எல்லாம் வருது. கட்டுறது பூராவும் வெள்ளைக்காரக் கைதி. நம்ம ஆளு ஒருத்தன் கூட இல்ல. அப்ப எங்க பெரியப்பா எங்க போனாரு? அன்னைக்கே மனசுல விழுந்துட்டு."

அவருடைய கேள்வி நியாயமானது. வரலாறு சொல்வது இதுதான்: 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில்பாதை 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் அதைவிடப் பல மடங்கு, சுமார் 2 லட்சம் பேர், ஆசியத் தொழிலாளர்கள்: பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், தமிழர். இவர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவில் இருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள்.

முதலில் நல்ல சம்பளம், குறுகிய கால ஒப்பந்தம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேரவில்லை என்றதும் பிடித்துக்கொண்டு போனார்கள். இலவச சினிமா என்று அறிவித்து, கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி அப்படியே ரயிலில் ஏற்றிய சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. போர்க் கைதிகளுக்கு அவர்களுடைய சொந்த ராணுவ டாக்டர்களாவது கூட இருந்தார்கள். கூலிகளாக வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. 1943-ல் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள்.

நிஜப் பாலம் என்ன ஆனது?

படத்தில் வருவதுபோல் கமாண்டோக்கள் அதை வெடிக்கவில்லை. காஞ்சனபுரியில் இருந்தது கான்கிரீட் தூண்கள் மேல் நின்ற இரும்புப் பாலம். நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுச் சேதப்படுத்தின. போருக்குப் பிறகு பழுது பார்த்து, இன்றும் அதன் மேல் ரயில் ஓடுகிறது.

இன்னொரு வேடிக்கை: அந்தப் பாலம் குவாய் நதி மேலேயே இல்லை. நாவலாசிரியர் தவறாக நினைத்துவிட்டார். அது இருந்தது மே குளோங் நதியில். படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் எல்லாரும் 'குவாய் நதிப் பாலம் எங்கே?' என்று கேட்கத் தொடங்கவே, 1960-ல் நதியின் அந்தப் பகுதிக்கு 'குவே யாய்' என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். சினிமாவுக்காக ஒரு நதி பெயர் மாறியிருக்கிறது.

காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறது. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. மொத்தமாகப் புதைத்தார்கள். அங்குள்ள ஒரு புத்த கோயில் வளாகத்தில், மலேசியத் தமிழர்களின் முயற்சியால் சமீபத்தில்தான் அவர்களுக்கு ஒரு நடுகல் எழுந்தது.

அப்படியென்றால் கித்துல்கல போவது வீணா?

இதை ஆசிரியரிடமே கேட்டோம்.

"வீண்னு சொல்ல மாட்டேன். நல்ல எடம். பேரன் ஆத்துல படகுல போனான், சந்தோசப்பட்டான். அங்க இருந்து மேல ஏறுனா ஹட்டன், தேயிலைத் தோட்டம். நம்ம பக்கத்து ஆளுங்கதான். ஒரு டீக்கடையில 'நீங்க திருநெல்வேலியா?'ன்னு பேச்சை வச்சே கண்டுபிடிச்சிட்டாங்க. ஆனா பெரியப்பாவை நான் தப்பான ஆத்துல தேடிட்டேன், பாத்துக்கிடுங்க."

சினிமா எடுத்த இடத்துக்குப் போகும்போது நாம் கவனிக்க வேண்டியது இதுதான். அங்கே நடந்தது படப்பிடிப்பு. சம்பவம் நடந்தது வேறு இடத்தில், வேறு ஆட்களுக்கு. கித்துல்கல போகிறவர்கள் படத்தோடு சேர்த்து, மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவலையும் படித்துவிட்டுப் போனால் இரண்டு பக்கமும் தெரியும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டா?

தென் மாவட்டங்களில் 'மலாயா போனார், திரும்பலை' என்று சொல்லும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்: முழுப் பெயரும் அப்பா பெயரும், சொந்த ஊர், போன வருடம், வேலை பார்த்த எஸ்டேட். பழைய கடிதம், மணியார்டர் துண்டு, தபால் முத்திரை எது இருந்தாலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவேடு இருந்தால் பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் அதில் கிடைக்கலாம். எஸ்டேட் பெயர் தெரிந்தால், மலேசியாவில் தேடுகிறவர்களிடம் விசாரிக்க ஒரு நூல் கிடைக்கும். அது இல்லாமல் வெறும் பெயரை வைத்துத் தேடுவது கஷ்டம்.

ஆசிரியரிடம் அந்த நான்கில் மூன்று இருக்கிறது. எஸ்டேட் பெயர்தான் இல்லை. அப்பாவின் பெட்டியில் இருந்த ஒரு கவரில் தபால் முத்திரை பாதி அழிந்திருக்கிறது. பேரன் அதைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த ஜனவரியில் இருவரும் காஞ்சனபுரி போகப் பணம் சேர்க்கிறார்கள்.

"நடுகல்லுல பேரு இருக்காது, தெரியும். போயி ஒரு ஜெபம் பண்ணிட்டு, அவரு பேரைச் சத்தமா ஒரு தடவை சொல்லிட்டு வரணும். அவ்வளவுதான்" என்கிறார்.