உஷார்! குடிதண்ணீர் காப்பர் பைப்பில் காரீய ஜாயின்ட்!

வீட்டில் காப்பர் பைப் வேலை நடக்கிறதா? பிளம்பர் கையில் இருக்கும் சால்டர் கம்பியை முதலில் பாருங்கள். ரேடியோ, டிவி ரிப்பேருக்கு விற்கும் 60/40 கம்பி என்றால் உடனே நிறுத்துங்கள்! அதில் 40 சதவீதம் காரீயம்.

அந்தக் கம்பி 183 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கிவிடும். காரீயம் கலக்காத கம்பிகள் பலவற்றுக்கு 230 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று சிலர் 60/40-ஐ எடுத்துவிடுகிறார்கள். ஜாயின்ட் கசியாது, பளிச்சென்றும் இருக்கும். ஆனால் இரவெல்லாம் பைப்பில் தேங்கும் தண்ணீரில் காரீயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சுடுதண்ணீர் லைனில் இன்னும் வேகமாகக் கரையும். நிறம் மாறாது, வாடை வராது, ருசியிலும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது!

குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு இது. கருவில் இருக்கும் சிசுவுக்கும் ஆபத்து. 'இந்த அளவு வரை பரவாயில்லை' என்று சொல்ல எந்த அளவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்கா 1986-லேயே குடிநீர்க் குழாய்களில் காரீய சால்டருக்குத் தடை போட்டுவிட்டது. நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் கூடாது என்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

* 'லெட் ஃப்ரீ' என்று அச்சிட்ட கம்பியை மட்டும் வாங்குங்கள். லேபிள் இல்லாத சுருள் வேண்டவே வேண்டாம்.

* பைப் கட்டரால் வெட்டி, உள்விளிம்புப் பிசிரைச் சீவிவிடச் சொல்லுங்கள். பிசிர் நின்றால் தண்ணீர் அங்கே சுழித்துப் பைப்பை அரிக்கும்.

* பைப்பில் தண்ணீர் நின்றால் ஜாயின்ட் சூடேறாது, சால்டர் பிடிக்காது. முழுக்க வடித்துவிட்டு, ஒரு குழாயைத் திறந்து வைத்த பிறகே தீ காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடைபட்ட நீராவி வெடித்துச் சீறும்!

* ஆறியதும், ஜாயின்ட்டில் தடவிய ஃப்ளக்ஸ் பசையைத் துடைத்து, லைனை நன்றாக அலசிவிடுங்கள்.

ஏற்கெனவே போட்ட ஜாயின்ட் மீது சந்தேகமா? தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். காரீயம் இருந்தால் அந்த ஜாயின்ட்டை வெட்டி மாற்றுங்கள். அதுவரை அந்த லைன் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம். கைக்குழந்தைக்குப் பால் கலக்கவும் கூடாது!