பழைய டூரிங் மோட்டார் வாங்கலாமா?

கெடா தோட்டப்புறங்களில் மோட்டார் சைக்கிள் ஒருபோதும் ஆடம்பரப் பொருளாக இருந்ததில்லை. விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போவதும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுவதும், மாலையில் பட்டணத்துக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதும் எல்லாம் ஒரே 'கப்சாய்' மோட்டாரில்தான் நடந்தன. 1995இல் தொடங்கப்பட்ட மொடெனாஸ் நிறுவனம், குருணில் உள்ள தொழிற்சாலையிலிருந்து 1996இல் 'கிரிஸ்' மோட்டாரை வெளியிட்டது. நம் மாநிலத்திலேயே செய்த வண்டி என்ற பெருமையோடு அதை வாங்கியவர்களும் உண்டு.

இன்று அந்தத் தோட்ட மக்களின் பிள்ளைகளில் பலர் சுங்கைப் பட்டாணி, பீடோங், லூனாஸ், பாடாங் செராய் தாமான்களில் குடியிருக்கிறார்கள். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலும் மற்றத் தொழிற்பேட்டைகளிலும் வேலை. கையில் கொஞ்சம் காசு புரள்கிறது. நண்பர்களோடு வார இறுதியில் பாலிங் மலைப்பக்கமோ புக்கிட் காயு ஈத்தாம் எல்லையைத் தாண்டி ஹாட்ஜாய்க்கோ போய்வர ஆசை பிறக்கிறது. நெடுந்தூரப் பயணத்துக்கான 'டூரிங்' மோட்டாரைப் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே, பழையதைத் தேடுகிறார்கள். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால், விற்பவர் சொல்லும் விலையை வைத்து மட்டும் முடிவெடுப்பவர்கள் பிறகு பட்டறைக்கும் வீட்டுக்குமாக அலைவதைப் பரவலாகக் காண முடிகிறது.

முதலில் பார்க்க வேண்டியது வண்டியை அல்ல, வாங்குபவரின் சட்டைப்பையில் இருக்கும் லைசென்சை. நம்மவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது 'பி2' உரிமம். அதை வைத்து 250 சிசி வரைதான் ஓட்டலாம். 500 சிசி வரை 'பி1' வேண்டும். அதற்கும் மேல் என்றால் முழு 'பி' உரிமம் வேண்டும். மொடெனாஸ் பெயரில் விற்பனைக்கு வந்த டொமினார் 400ஐ எடுத்துக்கொள்வோம். ஒற்றை சிலிண்டர், 373 சிசி. நெடுந்தூரத்துக்கு ஏற்ற வண்டி. பழைய சந்தையில் இளைஞர்கள் விரும்பித் தேடுவதும் அதைத்தான். ஆனால், பி2 வைத்திருப்பவர் அதில் ஏறினால், சட்டத்தின் பார்வையில் உரிமம் இல்லாமல் ஓட்டுகிறார் என்றே பொருள். ஹோண்டா சிபி500எக்சின் 471 சிசிக்கும் இதே நிலைதான்.

"போலீஸ் பிடித்தால் சம்மன் கட்டிவிடலாம்" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். சம்மன் பெரிய விஷயமல்ல. விபத்து நேர்ந்தால் உரிய உரிமம் இல்லை என்ற காரணத்தைக் காட்டிக் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடலாம். அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீடு வண்டியோட்டியின் தலையில் விழும். நாட்டின் சாலை விபத்துகளில் மரணமடைவோரில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கணக்கைப் போடக் கூடாது. உரிமத்தை உயர்த்திக்கொள்ளும் எண்ணம் இருந்தால், வாகனமோட்டும் பள்ளியில் அதை முடித்த பிறகு வண்டி தேடுவதே நல்லது. அதுவரை பொறுமை இல்லையென்றால் 249 சிசி வெர்சிஸ்-எக்ஸ் போன்ற வண்டிகள் பி2 உரிமத்துக்குள்ளேயே அடங்குகின்றன. தாப்பா, ஈப்போ வரை போய்வர அது தாராளமாகப் போதும்.

சாலை வரியிலும் வித்தியாசம் உண்டு. 150 சிசி வரையிலான கப்சாய்க்கு ஆண்டுக்கு 2 வெள்ளிதான். 201 முதல் 250 சிசி வரை 50 வெள்ளி, 500 வரை 100, 800 வரை 250, அதற்கும் மேல் 350. இது பெரிய தொகை அல்ல என்றாலும், டயர், செயின், பிரேக் என்று எல்லாச் செலவும் இதே போக்கில்தான் ஏறும் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

அடுத்து ஆவணம். வண்டியின் 'கிராண்ட்'டில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்களோடு ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஓர் எழுத்து தேய்க்கப்பட்டிருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். எல்லை மாநிலமான கெடாவில் 'போடோங்' என்று அழைக்கப்படும் ஆவணமில்லாத மோட்டார்கள் புழங்குவது புதிதல்ல. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். வண்டிமீது வங்கியின் உரிமைக்கோரல் இருந்தாலோ, சம்மன் பாக்கிக்காகக் கறுப்புப் பட்டியலில் இருந்தாலோ பெயர் மாற்றம் நடக்காது. "மாமா பேரில் இருக்கு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற வாக்குறுதியை நம்பக் கூடாது. தாய்லாந்துக்குள் ஓட்டிப் போக நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எல்லையில் கிராண்ட் கேட்பார்கள். உரிமையாளர் வேறொருவராக இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதமும், கடன் வண்டியாக இருந்தால் வங்கியின் கடிதமும் வேண்டும். அந்நாட்டின் கட்டாயக் காப்புறுதியையும் தனியாக எடுக்க வேண்டும். நம் நாட்டு வழக்கமான காப்புறுதி தாய்லாந்துக்குச் செல்லாது என்பது பலருக்கு அங்கே போன பிறகே தெரிய வருகிறது.

இனி வண்டிக்கு வருவோம். பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். காலையில் வருவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனவுடன் எஞ்சின் பக்கத்தில் கையை வைத்துப் பார்க்கலாம். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் சிரமப்பட்டு உயிர்பெறும் எஞ்சினை யாரோ முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். குளிர்ந்த எஞ்சினைத் தட்டியதும் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. ஆறேழு ஆண்டான ரப்பர் இறுகிப்போயிருக்கும். மழைச் சாலையில் அது பிடிக்காது. ரப்பரோடு வாழ்ந்த தோட்ட மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

செயினைப் பின்பல்சக்கரத்தின் கடைசிப் பக்கத்தில் பிடித்துப் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். பல்லில் பாதி வெளியே தெரியும் அளவுக்கு விலகினால் செயினும் பல்சக்கரமும் சேர்ந்தே மாற்ற வேண்டும். பிரேக் தட்டில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். விளிம்பில் மேடு கட்டியிருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்பும்போது நடுவில் ஓர் இடத்தில் 'டக்' என்று நின்றால் அதன் பேரிங் போய்விட்டது. முன் போர்க்கில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் கசிகிறது. கைப்பிடியின் நுனி, கால்மிதி, லீவர் முனை ஆகியவற்றில் கீறல் இருந்தால் வண்டி விழுந்திருக்கிறது. விழுந்தது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம்.

டூரிங் வண்டிக்கே உரிய இன்னொரு நோய் உண்டு. பின்னால் பெரிய பெட்டியை மாட்டி, அதில் துணிமணி, சட்டி, கூடாரம் எல்லாம் ஏற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய வண்டியில் பெட்டியைத் தாங்கும் சட்டம் வெடித்திருக்கலாம். இருக்கையைக் கழற்றி அந்த வெல்டிங் இடங்களை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மீட்டரில் 18,000 கிலோமீட்டர் என்று காட்டினாலும் கால்மிதி ரப்பர் வழவழத்திருந்தால் அந்த மீட்டரை நம்புவதற்கில்லை.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2010 நவம்பரில் அலோர்ஸ்டார் வட்டாரம் மூழ்கியது. 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங் கூப்பாங்கில் மலைநீர் புகுந்து உயிர்களையே கொண்டுபோனது. நீரில் மூழ்கிய வண்டியைக் கழுவிப் பளபளப்பாக்கி விற்பது எளிது. முகப்பு விளக்கின் உட்புறத்தில் மண்கோடு, இருக்கைக்கு அடியில் சேற்றுத் துகள், மின்கம்பி இணைப்புகளில் பச்சைப் பூஞ்சாளம் போன்ற படிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்கோளாறு பிடித்த வண்டி பணத்தைத் தின்றுகொண்டே இருக்கும். காரணம் மட்டும் அகப்படாது.

பலர் சறுக்குவது பணக்கணக்கில்தான். கையில் 10,000 வெள்ளி இருந்தால் 10,000 வெள்ளிக்கு வண்டி தேடுகிறார்கள். 8,000க்குள் தேடிவிட்டு 2,000 வெள்ளியை ஒதுக்கிவைப்பதே முறை. டயர், செயின், பேட்டரி, எண்ணெய், பிரேக் திரவம், காப்புறுதி, பெயர் மாற்றம் எல்லாம் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே வரிசையில் நிற்கும். நல்ல தலைக்கவசமும் கையுறையும் இந்தக் கணக்கில்தான் சேர வேண்டும். ஆனால், கடைசியில் வெட்டப்படுவது எப்போதும் அவைதான்.

வீட்டில் இருப்பது அந்த ஒரே வண்டி என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். தினமும் கூலிமுக்கு வேலைக்குப் போகவும் அதுதான், அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும் அதுதான் என்றால், பழைய பெரிய வண்டியை அதற்கு நம்பக் கூடாது. உதிரிபாகம் வருவதற்கு இரண்டு வாரமானால் வேலைக்கு எப்படிப் போவது? கப்சாயை விற்றுவிட்டு டூரிங் வண்டி வாங்க நினைக்கும் இளைஞரிடம் அம்மா, "இருக்கிறதை ஏன்டா விக்கிற, அதுதானே சோறு போடுது" என்று கேட்பார். அது பழமைப் பேச்சல்ல. சாலை வரி 2 வெள்ளியே ஆகும் அந்த வண்டியை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொன்றைச் சேர்க்க முடியுமா என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். முடியாதென்றால் இன்னும் ஓராண்டு சேமிக்கலாம். பழைய வண்டிகள் எங்கும் ஓடிப்போய்விடாது.

எல்லாம் திருப்தியாக இருந்தால், தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு மீண்டும் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவல்ல. முன்பணம் கொடுத்தால் ரசீதில் வண்டி எண்ணும் தேதியும் விலையும் எழுதி வாங்க வேண்டும். மீதிப் பணத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் இருவரும் கைரேகை வைத்துப் பெயர் மாறிய பிறகே கொடுக்க வேண்டும்.